அரோராவின் ஆர்கனில் அடலின்

1976 செப்டம்பர் 14, செவ்வாய்

தக்காளியைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை அடலின் போன் செய்தாள். எங்கள் பழைய தெருவிலிருந்த அரோரா தியேட்டரின் ஆர்கன் வாத்தியத்தை ஒரு பீட்சா கடைக்காரர் வாங்கியிருக்கிறாராம். தன் கடையில் முன்பு போலவே தரைக்கு அடியிலிருந்து மேலே எழும்பும்படி பொருத்தியாகிவிட்டதாம். அக்டோபர் பத்தாம் தேதி திறப்பு. சின்ன வயதில் அதில் ஏறிய பிள்ளை ஒருவரை மறுபடி ஏற்றப்போகிறார்கள். அடலினைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவளைத்தான். வேறு யாரை?

செப்டம்பர் 15

அந்தக் காலத்தில் பிறந்தநாள் பிள்ளையைச் சனிக்கிழமை ஆட்டத்தில், ஊமைப் படத்துக்கு வாசிக்கும் ஆர்கன்காரர் சிம்மர் தன் பக்கத்தில் உட்காரவைப்பார். பெஞ்சும் அவரும் பிள்ளையும் வெளிச்சத்தோடு மேலே வருவார்கள். கீழே ஈரக் கம்பளிக் கோட்டு நாற்றத்தில் நாங்கள். அவர் காலால் அழுத்தி எழுப்பும் கனத்த சத்தம் நாற்காலி வழியாக விலா எலும்பில் ஏறும்.

அடலின் அக்டோபரில் பிறந்தவள், ஏறினாள். நான் மார்ச் பன்னிரண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் சினிமா கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஈஸ்டர் முடிந்து போய்க் கேட்டேன். பிறந்தநாள் போயிற்றே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் சிம்மர். எந்த வருஷம் என் பிறந்தநாள் தவக்காலத்தில் வராமல் இருந்தது? அப்புறம் பேசும்படம் வந்தது, ஆர்கனைத் துணிபோட்டு மூடினார்கள். அப்புறம் நெடுஞ்சாலை வந்தது, தெருவோடு தியேட்டரையும் இடித்தார்கள்.

செப்டம்பர் 26

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அடலின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நீலத்தில் புது உடுப்பு வாங்கியிருக்கிறாளாம். எனக்கு வயிறு எரிகிறது. ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன வெட்கக்கேடு? இருக்கட்டும். எரிகிறது.

அக்டோபர் 3

அடலின் வந்தாள். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே கேட்டேன், மேலேயிருந்து பார்க்க எப்படித்தான் இருந்தது என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. பயத்துல கண்ண இறுக்கி மூடிட்டேன். சிம்மரோட கோட்டைப் புடிச்சிக்கிட்டே இருந்தேன். ஊருல நான் சொல்றதெல்லாம், மேலேர்ந்து இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்னு நீ அன்னிக்கு ராத்திரி படுக்கையில எனக்குச் சொன்னதுதான்."

நிம்மதி வரவேண்டும்தானே? வரவில்லை. கண்ணை மூடினாளாம்! எனக்குக் கிடைத்திருந்தால்— "குரங்கு கையில பூமாலை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அப்போ நீயே ஏறேன். எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கோபத்தில் சொன்னாளா, மனதாரச் சொன்னாளா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் 7

பிச்சை வாங்கிய மாதிரி இருக்கிறது. ஆனாலும் சலூனுக்குப் போய் முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 10, ஞாயிறு

ஏறினேன். ஒரு நொடிகூடக் கண்ணை மூடவில்லை. பெஞ்சு நடுங்கியது. வெளிச்சம் சிவப்பிலிருந்து ஊதாவானது. கீழே எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் கடைசித் துண்டுக்கு அடித்துக்கொண்டன.

அடலின் மட்டும் பீட்சாவைத் தொடாமல், புது நீல உடுப்போடு எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் துளியாவது பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். பாட்டு முடிந்து இறங்கும்வரை தேடினேன்.

இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.