குதிகாலில் ஒரு பெயர்

என் வாயாடிக்கு,

லாரி ஏறிய கால் பிழைத்துவிட்டது. எலும்புகளைக் கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள். குதிகாலில் தோலும் சதையும் மிஞ்சாததால், என் இடது முன்கையிலிருந்து எடுத்து அங்கே வைத்துத் தைத்திருக்கிறார் டாக்டர். வலது கையில் எடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். அதில் ரத்த ஓட்டம் போதாதாம்.

இடது கை என்றதும் உனக்குப் புரிந்திருக்கும். கல்யாணமான புதிதில் உன்னைச் சீண்டுவதற்காக ‘வாயாடி’ என்று பச்சை குத்திக்கொண்டு வந்தேனே, மூன்று நாள் நீ என்னோடு பேசாமல் இருந்தாயே, அந்த எழுத்துதான் இப்போது என் குதிகாலில் இருக்கிறது.

நடக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் தினமும், “புண்ணு நல்லா ஆறிடுச்சுண்ணே, தைரியமா ஊனுங்க” என்கிறாள். வலிக்கிறது என்று பொய் சொல்கிறேன். இரண்டு மாதமாக நொண்டியடித்துத்தான் குளியலறைக்குப் போகிறேன்.

நீ உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் பேசிய பேச்சே போதும். இதற்கு மேலும் உன்னை மிதிக்க என்னால் முடியாது.

திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. ஃபோனிலாவது ஒரு தடவை, “மிதிச்சுத் தொலைங்க” என்று திட்டிவிடு. நடந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒற்றைக் காலில் நிற்கும் உன் வீட்டுக்காரன்