கோயில் பூட்டியிருந்தது, ஜெனி

என் செல்லக் குஞ்சு ஜெனி,

நீ போனதிலிருந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம்தான். வேலையிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள், மூளையில் நரம்பு வெடித்தது என்று டொக்டர் சொல்வதற்குள் போய்விட்டாய். அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு எப்போதுமே கிடையாது. ஆனால் இன்றைக்கு உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஸ்காபரோவில், அஜின்கோர்ட்டில் உன் அப்பார்ட்மென்டுக்குப் பக்கத்து மாதா கோயில் ஹோலில்தான் சாப்பாடு. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பதாகை நின்றது. அதில் நீ. தலை உன்னுடையது, சிரிப்பும் உன்னுடையது. கழுத்துக்குக் கீழே அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை, நெஞ்சு நிறைய நகை. எங்கள் சனத்தின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே? செத்த பிறகு படத்தில் பெண்களுக்கெல்லாம் சேலை கட்டிவிடுவார்கள், ஆண்களுக்கெல்லாம் கோட் போட்டுவிடுவார்கள். உன்னை ஒரு சேலை கட்ட வைக்க அம்மா இத்தனை வருடம் பட்ட பாட்டை, செல்வம் மாமா காசு கொடுத்துப் பிடித்த படக்காரன் கொம்பியூட்டரில் ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டான்.

அந்தத் தலை எங்கிருந்து வந்தது தெரியுமா? "அவள் சிரிச்ச படம் ஒண்டு அனுப்பு பிள்ளை" என்று அம்மா கேட்டபோது நான் அனுப்பிய படம். மட்ரிட்டில் நான் எடுத்தது. கையில்லாத சட்டை, கையில் வைன் கிளாஸ், நெற்றியெல்லாம் வியர்வை, சுற்றிவர முன்பின் தெரியாத சனம். கிளாஸை வெட்டியிருந்தார்கள். சனத்தை வெட்டியிருந்தார்கள். வியர்வையைக்கூடத் துடைத்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், "ஸ்பெயினுக்கு யாத்திரை சென்று மாதாவைத் தரிசித்த புண்ணியவதி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன்னிலும்தான் கோபம். யாத்திரை என்ற பொய் உன்னுடையது. முதுகில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல, முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு என்ன பயம்? "கலியாணம் கட்டாத பெட்டை ஊர் சுத்துறாள் எண்டு கதைப்பினம் அக்கா. மாதாட்டப் போறன் எண்டால் செபமாலையும் தந்து அனுப்புவினம்" என்றாய். அப்படியே நடந்தது. அம்மா செபமாலை தந்தார். துணைக்கு என்னையும் அனுப்பினார்.

அந்தச் சிஞ்சோன் ஊர் ஞாபகம் இருக்கிறதா? மட்ரிட்டில் பஸ் ஏறி, பகல் பயணமாகப் போனோமே. நடுவில் வெளி, சுற்றிவரப் பச்சை மரப் பல்கனிகள். அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரியாவது கொளுத்துவோம் என்று வெயிலில் மேட்டுக் கோயிலுக்கு ஏறினோம். கதவு பூட்டு. மத்தியானத்தில் பூட்டிவிடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் குந்தினாய். "மாதா படுத்திட்டா அக்கா, எழுப்பாத" என்று பையிலிருந்த பாண் ரொட்டியைப் பிய்த்து எனக்குத் தந்தாய். பிறகு காலை நீட்டிக்கொண்டு படியில் சாய்ந்தாய். "ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத இடத்தில இருக்கிறது எவ்வளவு சுகம்" என்றாய்.

அன்றிரவு மட்ரிட்டில் கிழவிகளும் குழந்தைகளும் நடுச்சாமத்தில் தெருவில் நின்று ஐஸ்கிறீம் குடித்தார்கள். "ஸ்காபரோவில நடுச்சாமம் எண்டால் குறட்டைதான்" என்று சிரித்துக்கொண்டே நீ ஒரு சின்ன பாருக்குள் புகுந்தாய். பாட்டு விளங்காது, ஆட்டம் வராது, ஆனாலும் நிறுத்தமாட்டாய். அந்தச் சிரிப்பைத்தான் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு அந்தப் பதாகைக்கு முன்னால் நின்ற என்னிடம், அம்மாவோடு கோயிலுக்கு வருகிற றோஸ் அன்ரி சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். "என்ன சாந்தமான சிரிப்பு! மாதாவைப் பாத்திட்டுத்தான் போனவள். குடுத்து வைச்சவள்."

"கோயில் பூட்டியிருந்தது, அன்ரி."

"என்ன பிள்ளை?"

"நாங்கள் போகேக்க கோயில் பூட்டியிருந்தது. உந்தச் சிரிப்பு பாரில ஆடேக்க சிரிச்சது. கையில வைன் இருந்தது."

ஹோல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செல்வம் மாமா ஓடி வந்தார். "செத்தவளின்ர மானத்தை ஏன் வாங்கிறாய்?"

"நானோ வாங்கிறன்? அவளை வெட்டி எறிஞ்சுபோட்டுத் தலையை மட்டும் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள், மாமா!"

மார்க்கம் நகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் கேட்டார். "அது எந்தச் சேலை எண்டு தெரியுமோ? அவளின்ர கலியாணத்துக்கு வாங்கி வைச்ச கூறை. நான்தான் கட்டிலில விரிச்சுப் படம் எடுத்துக் குடுத்தனான். ஒருக்கா அவள் கட்டிப் பாக்க வேணும் எண்டு ஆசையா இருந்தது."

காரை ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன், ஜெனி. ஆனால் கோபம் குறைந்தது என்று நினைக்காதே. உன்னிடம் கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதானே, நீ வாய் திறக்க முடியாத நேரம் பார்த்துக் கட்டிவிட்டார்கள்? பெற்ற தாயென்றாலும் அது நியாயமா? அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மெல்லக் கேட்டார். "வடிவா ஆடினவளோ?"

"இல்லை அம்மா. படு மோசம்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது கொப்பரைப் போல. உங்கட அப்பாவுக்கும் ஆட வராது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெட்டாத படத்தை ஓன்லைனில் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் வாசலில் அதுதான் நிற்கும், கிளாஸோடும் வியர்வையோடும். அம்மாவையும் சிஞ்சோனுக்குக் கூட்டிப் போவேன். மத்தியானம் கோயில் பூட்டியிருக்கிற நேரம் பார்த்துத்தான் போவேன். அந்தப் படியில் அவரை இருத்தி, நீ எனக்குத் தந்ததுபோலப் பாணைப் பிய்த்துக் கொடுத்து, "உங்கட மகள் இங்கதான் இருந்தவள் அம்மா" என்று சொல்வேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அக்கா