கடைசி வண்டிச் சாம்பல்

மாதா துணை

ஆவூர்
12-5-1958

நெய்வேலியில் கொத்து வேலைக்குப் போயிருக்கும் பிரியமுள்ள மச்சானுக்கு, அருளம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். அங்கே வெயில் எப்படி? தலைத்துண்டு இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

நல்ல சேதி அவ்வளவுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக் காங்கிரீட் கூரைத் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளைப் பிரிக்கிறார்கள். பர்மிட்டில் சிமெண்டு குறைத்துக் கொடுத்ததால் நீங்கள் உமிச்சாம்பல் கலந்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. சாம்பலை நம்பியா பிள்ளைகளை உட்காரவைப்பது என்று நம் தெரு ஆத்மநாதன் டீக்கடையில் உட்கார்ந்து ஏசுகிறார். நீங்கள் பயந்து ஓடிவிட்டீர்களாம். வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டதால் போனவரை இப்படியா பேசுவது?

முட்டுப் பிரிக்கும்போது கட்டியவர் தளத்துக்குக் கீழே நிற்பதுதானே நம் கொத்தனார்கள் வழக்கம். நீங்கள் இல்லாததால் உங்கள் தம்பி சந்தனசாமி நிற்பதாக ஒத்துக்கொண்டார். "அண்ணன் போட்ட தளம், விழுகாது அண்ணி" என்று சிரிக்கிறார். அவர் மனைவி அருள்ராணிக்கு இது நிறைமாதம். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மச்சான், வெளியே சொல்லாததை உங்களிடம் கேட்கிறேன். வெள்ளையாக வெந்த சாம்பல்தான் சிமெண்டோடு சேரும், கறுப்பு ஆகவே ஆகாது என்று வீட்டில் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! தளம் போட்ட அன்று ரைஸ்மில்லிலிருந்து கடைசி வண்டியில் வந்தது கறுப்பு. சலித்த எனக்கு உள்ளங்கையெல்லாம் மை. உங்களிடம் காட்டினேன். கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, போய்ச் சோறு எடுத்துவா என்றீர்கள். நான் திரும்பி வந்தபோது வண்டி காலி, தளமும் முடிந்திருந்தது.

அந்தச் சாம்பலைக் கலந்தீர்களா, கொட்டிவிட்டீர்களா?

கலந்திருந்தால் முட்டு அப்படியே இருக்கட்டும், மேலிருந்து இடித்துவிட்டு மறுபடி போடலாம். ஊர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். கொத்தனாருக்குப் பேர் பெரிதா, ஆள் பெரிதா? வேண்டாம் என்று ஒரே ஒரு சொல் தந்தி அடியுங்கள், போதும். கீரனூரிலிருந்து தந்திக்காரர் சைக்கிளில் வருவார். அதுவரை நான் வாசலிலேயே இருப்பேன்.

தந்தி வராவிட்டால், கொட்டிவிட்டீர்கள் என்று நம்புவேன். உங்கள் தம்பியை நகரச் சொல்லிவிட்டு, கொத்தனார் வீட்டு ஆளாக நானே கீழே நிற்பேன். பிள்ளைகளைப் புதன்கிழமையே என் அம்மா வீட்டில் விட்டுவிடுவேன்.

வாய் திறக்க மாதா உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்
அருளம்மாள்