ஒற்றை நட்சத்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்துவிட்டாய், மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்கலாம். பிரித்துவிட்டாய் என்றால் தயவுசெய்து கடைசிவரை படி. குட்டிக்கு இடுப்பு வலி குறைந்ததா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. முதல் மூன்றிலும் கடையைப் பற்றியே ஆரம்பித்திருந்தேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா.

உன் அத்தான் சாப்பிடுகிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் செருப்புத் தைக்கும் எந்திரத்துக்கு உறை போட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. காலையில் கடையைத் திறந்து, செருப்புக்கு அச்சாக வைக்கும் மரக்கால்களைத் தட்டில் அடுக்கி, துடைத்து, மறுபடி அடுக்குகிறார். யாரும் வருவதில்லை. இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்துவிட்டு ஏதோ ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் வேலைக்குப் போகிறாராம். ஐம்பத்தாறு வயதில், ஒரு கால் குட்டையானவர்களையெல்லாம் நிமிர்ந்து நடக்க வைத்த மனிதர்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று உனக்குச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் எலும்பு டாக்டர் சொல்லி வருவார்கள், வந்தவர்கள் இன்னொருவரைக் கூட்டி வருவார்கள். டாக்டர் ஓய்வு பெற்றதும் வரத்து குறைந்தது. அப்போதுதான் விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். வாயைத் திறந்தால் நட்சத்திரம்தான், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நட்சத்திரக்காரர். "மேடம், இப்ப யாரும் டாக்டரைக் கேக்கறதில்ல, போனைத்தான் கேக்கறாங்க. குட்டைக் காலுக்குச் செருப்புன்னு தேடினா முதல் மூணு கடைக்குள்ள நீங்க வரணும். நாலாவதா வர்ற கடையும் இல்லாத கடையும் ஒண்ணுதான்" என்றார். எங்கள் பெயரை மேலே கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார்.

மேலே வர வேண்டுமென்றால் வாடிக்கையாளர்கள் போனில் ஐந்து நட்சத்திரம் போட்டு நல்ல வார்த்தை எழுத வேண்டும். நம் ஆட்கள் வாயால் வாழ்த்துவார்கள், வீட்டுக்குப் போனால் எழுத மாட்டார்கள். அதனால் ஒரு யோசனை செய்தேன். என் யோசனைதான், அவருடையது இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு டேப்லெட்டை வைத்தேன். செருப்பு வாங்கியவர்களை அங்கேயே உட்கார வைத்து, எழுதவைத்த பிறகுதான் அனுப்பினேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். பதினொரு வருடம் படி ஏறாத ஒரு தபால்காரர், மாடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஏறிப்போனதாகச் சொல்லி அழுதார். அதையும் தட்டினேன். நூற்று நாற்பது பேர், அத்தனையும் சத்தியம்.

பெயர் மேலே போனதும் எங்கிருந்தெல்லாமோ கேட்டார்கள். நேரில் வருகிறவர்களை அத்தான் கடை வாசல்வரை நடக்கவிட்டுப் பார்ப்பார். குதிகாலில் காது வைத்துக் கேட்காத குறைதான். நடை அவருக்குப் பிடிக்காவிட்டால் செருப்பைக் கொடுக்க மாட்டார். தொலைவில் இருக்கிறவர்களை எப்படி நடக்கவிடுவது? குட்டைக் காலுக்கு அடியில் இடுப்பு சமமாகும் வரை புத்தகம் அடுக்கி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் போதும் என்று நான்தான் கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். அத்தானுக்கு அது பிடிக்கவே இல்லை. "உலகமே இப்படித்தான் வாங்குது, நீங்க மட்டும் முரண்டு பிடிக்காதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

குட்டி மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது வந்து பார்க்காத அத்தை நான். எந்தக் கால் குட்டை என்றுகூட எனக்குத் தெரியாது. நீ படம் அனுப்பினாய். படத்தில் புத்தகம் வலது காலுக்கு அடியில் இருந்தது, வலது செருப்பை உயர்த்தினோம். குழந்தை, அத்தை அனுப்பியது என்று மூன்று வாரம் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்று நீ போன் செய்தபோது கடையில் ஆள் இருந்தார்கள். "புதுச் செருப்பு அப்படித்தாண்டா இருக்கும், பழகினா சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை எடுக்கவில்லை.

அப்புறம் நீ எழுதினாய். ஒரு நட்சத்திரம், நான்கு வரி. 'என் மகளால் இப்போது படி இறங்க முடியவில்லை. மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை.' திட்டுகூட இல்லை அதில்.

அதற்குக் கீழே கடையின் பெயரில் வந்த பதிலை நீ படித்திருப்பாய். 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இல்லை. இது போட்டியாளர்களின் அவதூறு.' ஒரு நட்சத்திரம் வந்தால் போடுவதற்கென்று நட்சத்திரக்காரர் தயாராக வைத்திருந்த வாசகம் அது. காலையில் பதில்களைப் பட்டியலாக அனுப்புவார், நான் 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் ஏறிவிடும். படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றுதான் அத்தானிடம் சொன்னேன். உன்னிடமும் அப்படியே எழுத நினைத்தேன்.

படித்தேன் தம்பி. உன் கணக்கில் நீ வைத்திருக்கும் அந்தச் சைக்கிள் படத்தைப் பார்த்ததுமே நீ என்று தெரிந்தது. குட்டி என்றும் தெரிந்தது. அந்த வாரம்தான் இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்திருந்தோம். தெரிந்தே 'சரி' என்று அனுப்பினேன்.

அதன் பிறகு நடந்ததை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது. ஒரே கருவியிலிருந்து எழுதியவை என்று அந்தத் தேடல் கம்பெனி நூற்று நாற்பதையும் போலி எனத் தூக்கிவிட்டது. யாரிடம் முறையிட்டாலும் எந்திரம்தான் பதில் சொல்கிறது. சொந்தப் போனில் நீ எழுதியதால் உன்னுடையது மட்டும் நின்றது. இப்போது எங்கள் கடையைத் தேடினால் ஒரு நட்சத்திரமும் உன் நான்கு வரியும்தான். அதைப் பார்த்துவிட்டு எவன் வருவான்? நான் இருந்தாலும் வர மாட்டேன்.

போன வியாழக்கிழமைதான் உன் படத்தைத் தேடி எடுத்தேன். உன்மேல் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாம் என்றுதான் தேடினேன், பொய் சொல்வானேன். குட்டியின் காலடியில் இருந்த பாடப் புத்தகத்தின் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி இருந்தன. நீ அவளை நேராகப் பிடித்துக்கொள்ள, போனை நாற்காலியில் சாய்த்து, திரை உன் பக்கம் இருக்கும்படி எடுத்திருக்கிறாய். அது கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிப் பதிந்திருக்கிறது. குட்டை இடது கால். வலதை இன்னும் உயர்த்தி, குழந்தையின் கோணலை இரண்டு மடங்காக்கி இருக்கிறோம். கை தப்பிவிட்டது என்று நினைத்துத்தான் அத்தான் இத்தனை நாளும் எந்திரத்தைத் தொடவில்லை. காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு தரம் நடக்கச் சொல்லிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றார். அவ்வளவுதான்.

நட்சத்திரக்காரர் சொல்வது ஒன்றுதான். நீ அந்த நான்கு வரியை எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்கலாமாம். "தம்பிதானே மேடம், கேளுங்க" என்கிறார். அதைக் கேட்கத்தான் அந்த மூன்று தாளையும் எழுதிக் கிழித்தேன். நாலாவது தாளில் எழுத வரவில்லை. அதற்குப் பதிலாக, உன் வரிகளின் கீழே இருந்த பதிலை நேற்று நானே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். 'இவர் என் உடன்பிறந்த தம்பி. சொன்னது அத்தனையும் உண்மை. செருப்பைத் தவறாகச் செய்தோம். தெரிந்தே அவரைத் தெரியாது என்றேன்.' கடைக்குக் கொள்ளி வைத்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு நட்சத்திரக்காரர் கிளம்பிப் போய்விட்டார். அத்தானுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

அந்த வரிகளை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எடுக்கமாட்டாயா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் கடைக்காக இதை எழுதியதாக நினைத்துவிடாதே. குட்டியை நல்ல டாக்டரிடம் காட்டு. அத்தைமேல் அவளுக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், அவள் கால் நேராகட்டும், ஆயுசுக்கும் வலியில்லாமல் நடக்கட்டும்.

உடன்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால் ஒரு தம்பி இருக்கிறான் என்று இனி நான் சொல்லலாமா, கூடாதா? அதற்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
உன்னைத் தெரியாது என்று சொன்ன
அக்கா