கிண்ணத் தண்ணீரில் வைத்த கை

அரிமளம்,
சித்திரபானு வருஷம், ஆனி மாதம் 4ந் தேதி.

கல்கத்தா, கித்தர்பூரில் இருக்கும் ஆத்மநாதன் அவர்களுக்கு, பிரகதாம்பாள் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். மா மியா சுகம். உங்கள் மகள் சுகம். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன்.

இதுவரை என் பேரில் உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் உங்கள் தம்பி அடைக்கலம் எழுதியவை. நான் பத்துச் சொன்னால் அவர் இரண்டு எழுதி, மற்றவை நேரில் என்று முடித்துவிடுவார். இதை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருந்தால் கூட்டி வாசித்துக்கொள்ளுங்கள். கட்டிக்கொண்ட பதினோரு வருஷத்தில் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள். அந்த வழக்கம் உங்களுக்கு எவ்வளவு தோதாக இருந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

வைகாசித் தொடக்கத்தில் நீங்கள் அடைக்கலத்துக்குப் போட்ட கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது நடுவில் இரண்டு இடத்தில் தொண்டையைச் செருமினார். அதைக் கையிலிருந்து வாங்கி நானே படித்தேன். 'தாலி கட்டவில்லை, நம் முறைப்படி ஒன்றும் நடக்கவில்லை, ஆகையால் அவள் எனக்கு ஒன்றும் ஆகமாட்டாள். ஊர் வாயில் விழுவதற்கு முன் மெட்ராஸ் அகதி முகாமுக்கு ரயிலேற்றிவிடு' என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது ஆணா பெண்ணா என்று தெரியாதவர் எழுதிய கடிதம் போல இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பர்மாவிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா வந்தபின் இங்கே என்ன ஆயிற்று என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பங்குனியில், உங்களோடு மில்லில் இருந்த பழனிச்சாமி அண்ணன் மா மியாவையும் குழந்தையையும் கொண்டுவந்து வாசலில் விட்டார். புரோம் என்கிற ஊரிலிருந்து மலைவழியாக நடந்தே வந்தவர்கள். வழியெல்லாம் காலராவில் செத்துக் கிடந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்ததாகச் சொன்னார். அவள் கால் இரண்டும் பலாக்காய் போல வீங்கியிருந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய சீட்டில், 'பெகு மில்லில் எங்களுக்குச் சமைத்த பெண், ஆதரவற்றவள், மாட்டுக்கொட்டகை ஓரமாக இடம் கொடு' என்று இருந்தது. கொடுத்தேன். அவளிடம் கல்கத்தாவில் வைத்து என்ன சொல்லி ரயிலேற்றினீர்கள்? 'ஊரில் என் அக்கா இருக்கிறாள், பத்து நாளில் நானும் வருகிறேன்' என்றுதானே? பழனிச்சாமி அண்ணனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்கள். மலையில் அவளோடு அத்தனை தூரம் நடந்தவர், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்றாம் நாளே கீரமங்கலத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் உங்கள் பொய்யைத் தின்றுகொண்டு இருந்தோம். நான் உங்களை 'அவுக' என்பேன். அவள் 'கோ நாதன்' என்பாள். அவர்கள் ஊரில் பெண்டாட்டி புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். அது யாரோ மில்காரர் பெயர் என்று நான் இருந்தேன். என்னை 'மமா' என்று அழைத்தாள், அதற்கு அக்கா என்று அர்த்தம். மூத்தவளை யாரும் அப்படித்தானே அழைப்பார்கள் என்று நினைத்தேன். கழுத்தில் தாலி இல்லை, காலில் மெட்டி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. கல்யாணமானவளுக்கு அவர்கள் ஒரு அடையாளமும் வைப்பதில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த இரண்டு ஊர் வழக்கத்துக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டீர்கள்.

நானும் அவளிடம் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். என் சந்தனக்கல்லில் ஏதோ ஒரு மரப்பட்டையை உரைத்துத் தன் கன்னத்திலும் குழந்தை கன்னத்திலும் மஞ்சளாக அப்பிக்கொள்வாள். வெயிலுக்குக் குளிர்ச்சியாம். கல்லைத் தொடாதே என்று பிடுங்கினேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் பொடி இறாலைக் கேட்டு வாங்கி, உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, இடித்து ஒரு சட்டியில் அடைத்துப் புளிக்க வைத்தாள். அது இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காதாம். வாடை தெருவரை போனது. அடைக்கலம் வந்து அந்தச் சட்டியைக் காலால் உதைத்துச் சாக்கடையில் தள்ளினார். வாரத்துக்கு மூன்று நாள் கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீடு இது. அன்றைக்கு நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்கூட.

சித்திரை முதல் நாள் வந்தது. அவர்களுக்கும் அந்தச் சமயத்தில்தான் வருஷம் பிறக்கிறதாம். ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் பழைய வருஷத்து அழுக்கைக் கழுவுவார்களாம். வீட்டில் மூத்தவர்களுக்கு இளையவர்கள் தலை தேய்த்துவிட வேண்டுமாம். காலையிலேயே சீயக்காயும் ஒரு பானை தண்ணீரும் எடுத்துவைத்துக்கொண்டு, 'மமா, ஒக்காரு' என்றாள். அங்கேயும் சீயக்காய்தான் தேய்ப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. என் தலையை இன்னொருத்தி தேய்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. உட்கார்ந்தேன்.

மலையெல்லாம் சுமந்துவந்த ஒரு கிண்ணம் வைத்திருக்கிறாளே, மூங்கிலையும் குதிரை மயிரையும் பின்னி அரக்குப் பூசியது, விளிம்பை அமுக்கினால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விட்டால் பழையபடி விரியும். அதில் மொண்டு ஊற்றினாள். உள்ளே சிவப்பில் யானையும் கொடியும் கீறியிருந்ததைப் பார்த்து, 'நல்லா இருக்கே, யாரு குடுத்தா?' என்று கேட்டேன். தன் அம்மா கொடுத்தது என்றாள். பிறகு தனக்குத் தெரிந்த மில் தமிழில் சொன்னாள்: 'இதுல தண்ணி. என் கை, கோ நாதன் கை, உள்ள வச்சு, ஊர் பெரிய ஆளு துணி கட்டிச்சு. கல்யாணம். தம்பிக்குக் கல்யாணம், மமா ஏன் வரல?'

தம்பி கல்யாணத்துக்கு அக்கா ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். 'எனக்குத் தம்பியே இல்லையேத்தா' என்றேன். அவள் சிரித்துக்கொண்டு உங்கள் பெயரை முழுசாகச் சொன்னாள். உங்கள் அப்பா பெயரையும், அரிமளத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

அந்தப் பெயரைச் சொல்லி 'அவர் என் புருஷன்' என்று சொல்லக்கூட எனக்குப் பழக்கம் இல்லை. கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டி, 'அவுகதான் இத கட்டுனவுக' என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

நான் அவளைச் சொன்ன சொல்லை இங்கே எழுதமாட்டேன். கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். தலையில் சீயக்காய் அப்படியே காய்ந்து இறுகியது. நான்கு வருஷத்துக்கு முன் நீங்கள் லீவில் வந்தது ஞாபகத்துக்கு வந்தது. குழந்தை இல்லை என்று ஆவுடையார்கோயிலுக்கும் திருவரங்குளத்துக்கும் என்னை அழைத்துப் போய் அங்கப்பிரதட்சணம் செய்யவைத்தீர்களே. நான் ஈரப்புடவையோடு கல்லில் உருண்டபோது பக்கத்தில் கைகட்டி நின்றீர்களே. அப்போது உங்கள் மகளுக்கு ஒரு வயசு. உங்களுக்கு எப்படி நிற்க முடிந்தது?

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள்தான். நேராகக் கொல்லைக்குப் போய்ப் பானையை எடுத்துவந்து, என்னை உட்காரச் சொல்லி ஜாடை காட்டினாள். தலையை அலசிவிட்டாள். வருஷப் பிறப்பில் மூத்தவள் தலையைப் பாதியில் விடக் கூடாதாம். அலசி முடித்து, துவட்டி, என் காலடியில் மூன்று தடவை குனிந்து கும்பிட்டுவிட்டு, வெளியே நிறுத்தியிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, 'பர்மா' என்றாள். வந்த வழியிலேயே திரும்பி நடப்பாளாம்.

தெருக்கோடியில் செவந்தி வீட்டு முக்குவரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓடிப்போய்க் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கினேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்குக் காலையில் எனக்கு இருந்த ஆத்திரம் குறையவில்லை. ஆள்தான் மாறிவிட்டது.

இது வரைக்கும் நடந்ததை நான் சொல்லச் சொல்லத்தான் அடைக்கலம் உங்களுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினாரோ தெரியாது. உங்கள் பதில் வந்த வெள்ளிக்கிழமையே வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கூட நம் பங்காளிகள் நாலைந்து பேர். 'மதினி, அண்ணன் சொல்லியாச்சு. அவள வெளிய அனுப்புங்க. நாளைக்கு ஒரு பந்தியில நம்மளோட ஒக்காருவானா எவனாச்சும்?' என்றார். மா மியா துணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாசலுக்கு வந்தேன். ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் முக்காடு இல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. 'இவ மில்லுச் சமையக்காரி இல்ல. அரிமளத்துக்காரர் ஆத்மநாதனுக்கு அவ ஊரு முறையில பொண்டாட்டி. இது அவரு மக. எங்க ரெண்டு பேரையும் சேத்து ஏத்துங்க வண்டியில' என்றேன். ஆமாம், பெயரைச் சொன்னேன். தெருவே கேட்க இரண்டு தடவை சொன்னேன். பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. அதிலிருந்து அடைக்கலம் வீட்டில் எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. அம்மன் கோயில் படியேறினால் பெண்கள் விலகி நிற்கிறார்கள். நீங்கள் பயந்த ஊர் வாய் இதுதான். உங்களுக்குப் பதிலாக நான் அதில் நிற்கிறேன்.

தாலி இல்லை, ஆகையால் கல்யாணம் இல்லை என்கிறீர்கள். அவள் ஊரில் இருந்தபோது அவர்கள் சோற்றைத் தின்றீர்கள், அவர்கள் லுங்கியைக் கட்டினீர்கள், அவள் அம்மா வீட்டில் ஆறு வருஷம் மாப்பிள்ளையாகப் படுத்து எழுந்தீர்கள். அவர்கள் பெரியவர்கள் முன்னால் தண்ணீரில் கையை வைத்தீர்கள். அங்கே வழக்கத்தைக் காட்டிப் பெண்ணை வாங்கிவிட்டு, இங்கே வந்து நம் வழக்கத்தைக் காட்டி அவளைத் தள்ளுகிறீர்கள். எந்த ஊர் முறைக்குத்தான் நீங்கள் கட்டுப்பட்டவர்?

எங்கள் பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பஸ் நிற்கிற இடத்தில் அவள் அடுப்பு போட்டிருக்கிறாள். சுரைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்து, புளியும் பூண்டும் மிளகாயும் கரைத்த தண்ணீரோடு கொடுக்கிறாள். பர்மாவில் கடைத்தெரு எல்லாம் பெண்கள் கையில்தானாம், அதனால் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். கண்மாய் விரால் கிடைக்கிற அன்றைக்கு வாழைத்தண்டு போட்டு அவர்கள் குழம்பும் வைப்பாள். முதலில் பஸ் டிரைவர்கள் மட்டும் தின்றார்கள். இப்போது செவந்தி பின்வாசல் வழியாகப் பாத்திரம் கொடுத்தனுப்புகிறாள். என் சந்தனக்கல் அவளிடம்தான் இருக்கிறது. இறால் சட்டி கொல்லையில் இருக்கிறது, அதை யாரும் உதைப்பதில்லை. குழந்தைக்குக் கின் என்று பெயர், திங்கட்கிழமை பிறந்தவளுக்கு அந்த எழுத்தில்தான் வைப்பார்களாம். என்னைப் பெரியம்மா என்கிறது.

இனி அவள் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டும். வாழ அல்ல. அவர்கள் ஊரில் புருஷன் பொய்யன் என்று ஆகிவிட்டால், பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டு அவனை விட்டு விலகிக்கொள்ளலாமாம். பெண்ணே கேட்கலாமாம். தனக்குச் சேரவேண்டியது தனக்கு, பிள்ளை தன்னோடு, பிறகு தலை நிமிர்ந்து இருக்கலாமாம். அதற்கு நீங்கள் எதிரே நிற்க வேண்டும் என்கிறாள். பெரியவர்கள் இங்கே யாரும் இல்லையே என்றேன். நான் இருக்கிறேனே, அது போதும் என்கிறாள்.

அந்த வழக்கத்தைப் பற்றி அவளிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். நம் முறையில் எனக்கு அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

கல்கத்தாவில் குண்டு போடப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். விளக்கை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். திருக்கோகர்ணத்து அம்மன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், காதும் கண்ணும் நன்றாக இருக்க, வந்து எங்கள் முன்னால் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரகதாம்பாள்