சைக்கிள் ஓட்டுகிறவருக்கு என்ன வியாதி

அஸ்தம்பட்டி, சேலம்.
வெகுதானிய வருஷம், ஆனி மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் சின்னராஜுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஜாம்ஷெட்பூர் வெயிலிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அப்பாவுக்கு ஒரு வியாதியும் இல்லை, எல்லாம் பிடிவாதம், சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தால் தானாக நடப்பார் என்று நீயே அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்து எழுதிவிட்ட பிறகு இந்த வீட்டுச் சௌக்கியத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. இரும்பு உருக்குகிற ஆலையில் வைத்தியமும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உன் பெரியப்பா எழுதியதைப் படித்துத்தான் உனக்கு இந்த ஞானம் வந்தது என்பது தெரியும், அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். வைகாசிக் கடைசியில் கன்னங்குறிச்சியில் அவர் மகள் சாரதாமணிக்கு நிச்சயதாம்பூலம் நடந்ததல்லவா, எனக்கு முன்கூட்டியே வேலை இருந்ததால் நான் காலையிலேயே போய்விட்டேன், அப்பா பிற்பாடு சைக்கிளில் வந்து இறங்கினார். வாசற்படி வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் பாதத்தைத் தரையோடு வைத்து ஆணி அடித்தாற்போல நிற்கிறார், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. நம் பக்கத்தில் விசேஷ வீட்டு வாசலில் பங்காளி நின்றுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும், எனக்கு மனஸ்தாபம், இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்வதுதான் அது. பெரியப்பா வந்து கையைப் பிடித்து, ஏண்டா தம்பி, ஊட்டுக்குள்ள வாரதுக்கு உனக்கு மேளம் வெக்கோணுமா, என்ன கொறைன்னு சொல்லிப்போட்டு நில்லு என்று கேட்டார். கால் வரமாட்டேங்குதுங்கண்ணா என்று இவர் சொன்னது வாயைத் தாண்டி வெளியே வரவில்லை, அவர் குரல்தான் இப்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவருக்கே எட்டுவதில்லையே. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து துண்டை உதறினார். அதைப் பார்த்த பெரியப்பா போறதுன்னா போ என்று கையை உதறிவிட்டார். இவரும் மெல்ல மெல்லத் திரும்பிப் போய்ச் சைக்கிளில் ஏறினார், ஏறினவர் சந்தைக்கு வந்த மாட்டுவண்டிகளுக்கு நடுவில் காலேஜ் பையன் மாதிரி வளைந்து வளைந்து ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். நிச்சயம் எப்படியோ நடந்தது, ஆனால் நடக்க மாட்டாதவன் சைக்கிள் உடுவானா என்று அன்றைக்கே கன்னங்குறிச்சி முழுவதும் தீர்ப்பு எழுதியாயிற்று, நீ அதற்கு நகல் எடுத்து எனக்கு அனுப்பினாய்.

அதன்பின் இங்கே வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீறு எடுப்பதுபோல ஓயாமல் உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்து உன் அத்தை முத்தாயம்மாள், தம்பி செபம் பண்ணுதுங்க அம்மிணி, தொந்தரவு பண்ணாதீங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். சட்டைப் பித்தானை நான் போட்டுவிடுவதைப் பார்த்த எதிர்வீட்டம்மாள், இந்த வயதில் இப்படிச் செல்லம் கொடுத்தால் அவருக்குக் கை எப்படி வரும் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே உன் பெரியப்பா, அண்ணன் என்ற அக்கறையில், ஜேடர்பாளையத்திலிருந்து சூடு போடுகிறவன் ஒருவனுக்குச் சொல்லி அனுப்பினார். உள்ளங்காலில் காய்ச்சின இரும்பை இழுத்தால் நிஜ வாதமாக இருந்தால் அடங்கிவிடும், பொய் வாதமாக இருந்தால் எழுந்து ஓடுவார், எப்படிப் பார்த்தாலும் லாபம் என்றானாம் அந்தக் கெட்டிக்காரன். வெள்ளிக்கிழமை என்று நாளும் பார்த்தாயிற்று. அண்ணன் சொன்னால் அப்பா மாட்டேன் என்பாரா, சரிங்கண்ணா என்றுவிட்டார். நான் தடுத்ததற்கு, பெத்த பையனே நடிப்புன்னு எழுதியிருக்கறானே அம்மிணி என்று, வீட்டில் எல்லோரும் படித்த உன் கடிதத்தைத்தான் பெரியப்பா என்னிடம் நீட்டினார்.

அதனால் புதன்கிழமையே அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். பி.ஏ. படித்த பெண்சாதி புருஷனை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று தெருவில் பேசினார்கள், அவர் சைக்கிளிலும் நான் பின்னால் ஜட்காவிலும் போனதால் அது பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது. டாக்டர் சென்னிமலை, வயதில் சின்னவர், பெரிய பெரிய யந்திரமெல்லாம் வைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவரோ பித்தானைக் கழற்றிப் போடச் சொன்னார், விரலோடு விரலைத் தட்டச் சொன்னார், கதவு வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். கதவண்டையில் அப்பா நின்றுவிட்டார். இவரை எதில் கூட்டி வந்தீங்க என்று டாக்டர் கேட்டார், கூட்டி வரவில்லை, சைக்கிளில் வந்தார், நீங்களும் சிரித்துவிடுங்கள் என்றேன். அவர் சிரிக்காமல் எழுந்து வெளியே வந்து, ஐயா ஒரு சுற்று ஓட்டுங்க என்று ஆஸ்பத்திரி மைதானத்தில் ஓட்டச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அம்மா, கால்ல பலம் இருக்குதுங்க, அந்தக் காலுக்குப் புறப்படுன்னு சொல்ற இடந்தான் மூளையில கெட்டிருக்குது, பெடலானால் ஒரு காலை அழுத்தினதும் மற்றக் காலைத் தானே தூக்கிக் கொடுத்துடுது, இதைப்போலத் தோன்றுகிற வேறு சில வியாதி வந்தவங்களுக்கு சாயாம நிக்கிற நிதானம் முதல்லயே போய்ச் சைக்கிள்தான் முதல்ல கைவிடும் என்றார். சைக்கிளை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, குரல், முகம், விரல், பித்தான் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார். நடுக்குவாதமாம், பார்க்கின்சன் என்ற துரை ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறாராம். ஒரு மனிதர் பொய்யர் என்பதற்கு ஊரே எதைச் சாட்சியாக வைத்ததோ அதையே அவர் வியாதிக்காரர் என்பதற்கு டாக்டர் சாட்சியாக எடுத்துக்கொண்டார், இதை நினைத்து எனக்குச் சந்தோஷப்படுவதா என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் இது தீராதாம். மெள்ள மெள்ள அதிகமாகுமாம். இப்போதைக்குக் கொடுத்திருப்பது, தின்றால் பித்துப் பிடிக்கும் என்பார்களே, அந்த ஊமத்தை இனத்துச் சரக்காம், உன் பெரியப்பா ஏற்கெனவே பித்து என்று சொல்லியிருப்பதால் மருந்தும் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கன்னங்குறிச்சிக்குப் போய்ப் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், அப்ப அந்த ஜேடர்பாளையத்தானை வாரவேண்டாம்னு சொல்லிப்போடறேன், இருந்து காப்பி குடிச்சிட்டுப் போ அம்மிணி என்றார். அவர் அளவில் அது பெரிய மன்னிப்பு, எனக்குக் காப்பி கசந்ததைச் சொல்லவில்லை.

சாரதாமணி கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தம், நீ லீவு போட்டு வர வேண்டும். அப்பா சைக்கிளில்தான் வருவார், ஏறிக்கொள்வார், ஓட்டியும் வந்துவிடுவார், ஆனால் இந்த ஒரு மாதத்தில் இறங்கும்போது கால் தரைக்கு வர மறுக்கிறது, வீட்டில் நான் பிடித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னால் நான் பிடித்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். நீ முன்னாலேயே போய் வாசலில் நின்றுகொள் சாமி.

எண்ணெய் தேய்த்துக் குளி, கண் விழிக்காதே. எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும். பதிலில் வைத்தியம் எழுத வேண்டாம், எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
செல்லியம்மாள்.