எண்பத்தெட்டாம் அட்டை

ஜனவரி 9

காலை நடை பதினெட்டு நிமிடம். நேற்றைவிட இரண்டு குறைவு. முழங்கால்.

துரைக்கு மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பு நிலையத்தை நடத்துபவர். டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஆசிரியர்கள் நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் துரை. “ஒரு பார்வை பாத்துட்டுத் தர்றேன் வாத்தியாரே” என்று என் அட்டைப்பெட்டியை வாங்கிப் போய் எட்டு மாதம் ஆகிறது. நச்சரிக்கிறேனோ? அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

ஜனவரி 11

பெட்டியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் தடுமாறக்கூடாது. எழுதி வைக்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். அட்டைக்கு ஓர் ஆங்கில வாக்கியம். எல்லாம் ‘இப்படி நடந்தால் அப்படி ஆகும்’ என்ற வகை. தமிழில் ‘பணம் கிடைத்தால் வீடு கட்டுவேன்’ என்று நம்பிக்கையோடும் சொல்லலாம், கைவிரித்துச் சிரித்துக்கொண்டும் சொல்லலாம். ஒரே ‘ஆல்’ இரண்டையும் சுமக்கிறது. முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். ஆங்கிலத்துக்கு முகம் போதாது. நடக்கும் என்று எண்ணினால் வில், வெறும் எண்ணம்தான் என்றால் வுட். நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான்.

அதனால் நான் வாக்கியங்களைக் கற்பனை செய்யவில்லை. வகுப்புக்கு வந்த ஓட்டுநர்கள், செவிலியர்கள், தையல்காரர்கள் உண்மையில் சொன்னதையே எடுத்தேன். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் சொன்னவர் யார், என்றைக்கு என்ற குறிப்பு உண்டு.

பதினான்கு வருட வேலை. இன்னும் ஒரு முறை திருத்த வேண்டும்.

ஜனவரி 14

பழைய மாணவர், லிஃப்ட் மெக்கானிக், வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புத்தகம். மேலட்டைப் படத்தில் துரை, டையோடு.

“நீங்க போட்டதுன்னு நினைச்சு வாங்கினேன் சார். உங்க பேரைத் தேடித் தேடிப் பாத்தேன். கடைசில என்னையத்தான் கண்டுபிடிச்சேன். பதினேழாம் பக்கம்.”

பதினேழாம் பக்கத்தில்: மின்சாரம் போனால் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும். என் முப்பத்தொன்றாம் அட்டை. சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

தற்செயலாக இருக்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 15

புத்தகத்தில் எண்ணிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. வரிசைகூட மாறவில்லை.

ஜனவரி 16

நாற்பத்தொன்றாம் பக்கம், வில்லா வுட்டா, கோடிட்ட இடத்தை நிரப்புக; தமிழில் சொன்னால்: ‘நான் முன்னால் போனால் நீங்கள் பாலைப் பொங்க ———.’

இது என் மனைவி சொன்னது. எண்பத்தெட்டாம் அட்டை. பெட்டியிலேயே அவள் கையெழுத்தில் இருந்த ஒரே அட்டை.

நோயில் படுத்திருந்தாள். நான் அட்டை எழுதுவதைப் பார்த்து, என்னுதும் ஒண்ணு போடுங்க என்றாள். நான் வுட் என்று ஆரம்பித்தேன்; வில் போட மனம் வரவில்லை, வேறென்ன. பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “நடக்கப் போறதுக்கு எதுக்கு அதெல்லாம்?” வில் என்று அவளே எழுதினாள். அடித்தம் திருத்தம் இல்லை.

அதை ஊரார் கோடிட்ட இடத்தில் நிரப்பப் போகிறார்கள்.

புத்தகத்தில் யார் பெயராவது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த அட்டை வேண்டும்.

ஜனவரி 17

கடைசிப் பக்கம் இன்றுதான் கண்ணில் பட்டது. பொடி எழுத்தில்: ‘கணினியில் ஏற்றித் தந்த நண்பரின் மகனுக்கு நன்றி.’

நண்பர் — நான். மகன்?

எனக்கு ஒரு மகன்தான்.

ஜனவரி 18

கேட்டேன். காலை, அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது. கயிற்றை முடிச்சுப் போடாமலே உட்கார்ந்திருந்தான்.

ஆமாம், அவன்தான் மூன்று வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்தானாம். அவர் பெயரும் என் பெயரும் வரும் என்று துரை சொன்னாராம். புத்தகம் வந்து ஒரு மாதம் ஆகிறதாம். பார்த்தானாம். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

ஒரு மாதம். தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். துரை போனை எடுக்கவில்லையே என்று நான் புலம்பியபோது, “வேலையா இருப்பார்ப்பா” என்று சொன்னது யார்? இவன்தானே.

போகும்போது வாசலில் நின்று சொன்னான்: “அம்மா இருந்தப்பவே முடிச்சாச்சுன்னு சொன்னீங்க. நீங்களா எப்பவாவது புத்தகமாப் போட்டிருப்பீங்களாப்பா?”

ஜனவரி 19

போட்டிருக்க மாட்டேன். அதற்காக?

ஜனவரி 21

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. நேற்று துரையின் வகுப்பில் போய் உட்கார்ந்து, பதினேழாம் பக்கத்தில் லிஃப்டில் மாட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். அது கற்பனை என்றாராம் துரை.

“அந்தக் கற்பனைக்குள்ள ரெண்டு மணி நேரம் நின்னது நான் சார். கால் இன்னும் வலிக்குது.”

வகுப்பே சிரித்ததாம். பின்வரிசையில் இருந்த ஒரு செவிலியும் தன் வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டாளாம். இன்னும் நாலைந்து பேர் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். பாவம் துரை, இவையெல்லாம் நான் இட்டுக்கட்டியவை என்று நினைத்துவிட்டார். அட்டைகளின் பின்பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை போலும்.

பாவம் என்று ஏன் எழுதினேன்?

ஜனவரி 23

துரை வந்தார். பழத்தோடு. நோயாளியைப் பார்க்க வருவதுபோல.

சொல்ல வேண்டியதை மூன்று வரியாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. கை அந்தப் பக்கமே போகவில்லை. அவரே பேசினார். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், பசங்களைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்றார்.

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா பேரைப் போட்டிருப்பேனே வாத்தியாரே.”

கேட்டிருந்தால். என் பெயரை, என் புத்தகத்தில் போடச் சொல்லி, நான் கேட்டிருந்தால்.

பெட்டியைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். குரல் நடுங்கியது. கோபம் என்று அவர் நினைத்திருந்தால் நல்லது.

“பெட்டியா? அச்சகத்துல பழைய பேப்பரோட போட்டுட்டாங்களாமே. அதான் எல்லாம் புத்தகத்துல இருக்கே.”

பரவாயில்லை என்றேன். பரவாயில்லையாம்! வாசல்வரை போய் வழியனுப்பினேன். செருப்பைக்கூடத் திருப்பி வைத்திருப்பேன், அவர் முந்திக்கொண்டார். அறுபது வயதுக்கு மேல் முதுகெலும்பு முளைக்காது.

ஜனவரி 24

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 27

புதிய அட்டைக்கட்டு வாங்கினேன். முதல் அட்டையில் துரை சொன்ன ‘கேட்டிருந்தால்’ வாக்கியம். நல்ல எடுத்துக்காட்டு, வுட் வகை. பின்னால் அவருடைய முழுப்பெயர், தேதி, இடம்: என் வீட்டுக் கூடம். மெக்கானிக்கிடம் காட்டினேன். உங்கள் புத்தகம் வரும்போது இதை இரண்டாம் பக்கத்தில் போடாதீர்கள், முதல் பக்கத்திலேயே போடுங்கள் என்றார். இந்த முறை திருத்தப்போவதில்லை.

பிப்ரவரி 2

மாலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேசைக்கு வந்தேன். மகன் பர்ஸிலிருந்து எதையோ எடுத்து வைத்தான்.

எண்பத்தெட்டு.

தட்டச்சு செய்யும்போதே எடுத்து வைத்துக்கொண்டானாம். எட்டு மாதமாக அவன் பர்ஸில். பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டது என்று துரை சொன்ன அன்றும் அவன் பையிலேயே இருந்திருக்கிறது.

“ஏன்டா குடுக்கல?”

“குடுத்தா, மத்தது எங்கன்னு கேப்பீங்க.”

உள்ளே போய்விட்டான். அவன் மீது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் எழுத மாட்டேன்.

ஓரம் மடங்கியிருக்கிறது. எழுத்து அப்படியே இருக்கிறது. ஒரு முறை படித்தேன். பின்பக்கம் என் குறிப்பு: மனைவி, தேதி. மறுபடி முன்பக்கம்.

கருகல் வாசனை வந்ததும் ஓடினேன். பால் முழுவதும் அடுப்பில்.